கொடைக்கானலில் நாலு அறை வீடு: கெஸ்ட் ஹவுஸ் கட்டுப்படியாகுமா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஊருக்குச் சற்று வெளியே அப்பா கட்டிய நாலு அறை வீடு பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. நீங்கள் இருப்பது மதுரையில். அதை கெஸ்ட் ஹவுஸாக மாற்றலாமா என்று யோசித்து, "வருஷத்துக்கு எத்தனை டூரிஸ்ட் வருகிறார்கள், அந்தப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும், இதற்கு ஒரு கன்சல்டன்ட் 40,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: இந்த நாலு அறையில் வருஷத்துக்கு எத்தனை இரவு ஆள் தங்குவார்கள், என்ன விலை கொடுப்பார்கள், செலவு போக என்ன மிஞ்சும். டூரிஸ்ட் எண்ணிக்கையை வைத்து இதற்கு விடை காண வழியில்லை. மலை ஊர் ஹோட்டல்களில் ஃப்ரண்ட் ஆபீஸிலும் பிறகு அறைக்கு விலை வைக்கும் வேலையிலும் பல வருஷம் கழித்தவன் நான்; இப்போது சின்ன வீடுகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மொத்தக் கணக்கு ஏன் உதவாது என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2023இல் தமிழ்நாட்டுக்குள் உள்நாட்டுச் சுற்றுலா வருகை சுமார் 28.6 கோடி. மாநிலத்தின் மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அது தலை எண்ணிக்கை கிடையாது, வருகை எண்ணிக்கை. கோயில் கூட்டமும் அதில் அடக்கம். பழனிக்கு வந்து மொட்டை போட்டுவிட்டு அன்று இரவே பஸ் ஏறுகிறவரும் ஒரு வருகைதான். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கன்சல்டன்டின் அறிக்கை இப்படிப்பட்ட எண்ணில் தொடங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் தெருவில் உள்ள பத்து வீடுகளின் ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை விலை அவரிடம் இருந்தால் கொடுக்கலாம். அநேகமாக இருக்காது. அதை நீங்களே சேகரிக்க முடியும்.

கொடைக்கானலுக்கு ஒரு விதத்தில் நல்ல காலம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.  இதனால் வருகிற வண்டிகளுக்கு ஏதோ ஓர் எண் கிடைக்கிறது. ஆனால் பாஸ் எடுத்தவர் எல்லோரும் மலை ஏறுவதில்லை, ஏறியவர் எல்லோரும் தங்குவதில்லை. மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். காலையில் கிளம்பி ஏரியைச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆக, கூட்டம் எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று பார்க்க இ-பாஸ் எண் உதவும். எத்தனை அறை நிரம்பும் என்று அது சொல்லாது. கூகுள் டிரெண்ட்ஸும் அப்படித்தான்: அது காட்டுவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீடு, தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. உச்சவரம்பை வைத்து ஒரு விஷயம் மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். உச்ச சீசனில் ஊருக்குள் வரும் வண்டிக்கே எல்லை வந்துவிட்டால், மே மாதக் கூட்டம் வருஷா வருஷம் வளரும் என்று நம்பி வங்கிக் கடன் வாங்கக் கூடாது.

இப்போது உங்கள் நாலு அறைக்கு வருகிறேன். நாலு அறை, 365 இரவு. மொத்தம் விற்க இருப்பது 1,460 அறை-இரவு. இதை மாதவாரியாகப் பிரிக்காமல் இரவின் வகைப்படி பிரியுங்கள். வெள்ளி, சனி இரவுகள் வருஷத்துக்கு 104. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை கோடை சீசன் என்று வைத்தால் அதில் வரும் வார நாள் இரவுகள் 36 அளவில். ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விடுமுறையை ஒட்டிய வார நாள் இரவுகள் ஒரு 20 என்று வைப்போம். மீதி 205 இரவுகள் சாதாரண ஞாயிறு முதல் வியாழன் வரை. நாலு அறைக்கு 820 அறை-இரவு. உங்கள் சரக்கில் 56 சதவீதம். மே மாதச் சனிக்கிழமை கொடைக்கானலில் கோழிக்கூண்டுக்குக்கூட வாடகை கிடைக்கும். அதை ஆராய்வதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு வீடு வித்தியாசம் தெரிவது இந்த 820இல்தான். ஆராய்ச்சி முழுவதையும் அங்கேயே குவியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பணமாகப் போட்டுப் பார்த்தால் இன்னும் புரியும். கீழே வருபவை உதாரணத்துக்காக நான் வைத்த எண்கள், சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண வார நாள் அறை 1,500 ரூபாய். அறை பதிவு செய்யும் இணையதளத்தின் கமிஷன் 18 சதவீதம், அதாவது 270. சலவை, வெந்நீர், சுத்தம் எல்லாம் சேர்த்து 300. கையில் நிற்பது 930. அந்த 820இல் 15 சதவீதம் நிரம்பினால் 123 அறை-இரவு, 35 சதவீதம் நிரம்பினால் 287. வித்தியாசம் 164 அறை-இரவு, சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். மாதம் 15,000 சம்பளத்தில் ஒரு கேர்டேக்கர் வைத்தால் வருஷத்துக்கு 1.8 லட்சம். மதுரையில் இருந்துகொண்டு கேர்டேக்கர் இல்லாமல் இதை நடத்த முடியாது. அவருடைய சம்பளத்தின் பெரும்பகுதி சாதாரண செவ்வாய், புதன்களிலிருந்து வருகிறதா, அல்லது சீசன் லாபத்தைத் தின்கிறதா என்பதில்தான் தொழில் கட்டுப்படியாவதும் ஆகாததும் இருக்கிறது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமையை எப்படிப் பார்ப்பது? உங்களோடு போட்டி போடும் பத்துப் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரை ரிசார்ட்டுகளை விட்டுவிடுங்கள். அவர்கள் உங்கள் போட்டியே இல்லை. அதே தூரம், அதே அளவு அறைகள், வாசல் வரை கார் வருமா வராதா என்பதில் அதே நிலை, அதே மாதிரிப் பார்வை: பள்ளத்தாக்கு தெரிகிறதா, பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிறதா. வட்டக்கானல் ஒரு சந்தை, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இன்னொரு சந்தை, பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள் மூன்றாவது. இவற்றைக் கலக்கக் கூடாது. பட்டியல் போடும்போது புகைப்படங்களை ஒப்பிடுங்கள். ஒரே வீடு இரண்டு மூன்று பெயர்களில், லீஸுக்கு எடுத்தவர் பெயரில் ஒன்றும் ஏஜென்ட் பெயரில் ஒன்றுமாக இருப்பது இங்கே சகஜம். அதை மூன்று போட்டியாளர் என்று எண்ணிப் பயந்துவிடக் கூடாது.

பிறகு வாரம் ஒரு முறை, அதே கிழமை, ஏறத்தாழ அதே நேரத்தில் அந்த வீடுகளின் விலையைப் பாருங்கள். வருகிற சனி, வருகிற செவ்வாய், மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய், அடுத்த நீண்ட வார இறுதி. இந்த நாலு தேதி போதும். இரண்டு தளங்களில் பார்த்தால் போதும், ஆனால் அவை வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் ஒரே குழுமம். புக்கிங் டாட் காமும் அகோடாவும் ஒரே குழுமம். ஒரு குழுமத்தின் இரண்டு தளங்களைப் பார்த்துவிட்டு இரண்டு சாட்சி கிடைத்ததாக நினைக்காதீர்கள். லாகின் செய்யாமல் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் கணக்குக்கான தள்ளுபடி விலை தெரியும். காலை உணவு உண்டா, வரி சேர்த்தா, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதையும் கூடவே குறியுங்கள். 1,800 என்று போட்டிருப்பவரும் 2,200 என்று போட்டிருப்பவரும் வரியும் இட்லியும் சேர்த்தால் ஒரே விலையில் இருப்பார்கள்.

இப்படிப் பார்க்கும்போது எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்வது முக்கியம். பட்டியலில் உள்ள விலை, கேட்கிற விலை. விற்ற விலை என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை 2,000 என்று போட்டு மூன்று வாரமாக அறை காலியாகவே காட்டினால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பது ஓரளவு உறுதி. தேதி நெருங்க நெருங்க 2,000 என்பது 1,400 ஆனால் உண்மையான விலை 1,400 பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். "அறை இல்லை" என்று காட்டுவதுதான் மிகவும் ஏமாற்றும். விற்றுப்போயிருக்கலாம், உரிமையாளரின் மச்சான் குடும்பம் வந்திருக்கலாம், மோட்டார் ரிப்பேராக இருக்கலாம், நேரடி வாடிக்கையாளருக்காகத் தளத்தில் மூடி வைத்திருக்கலாம். ஏர்பிஎன்பி காலண்டரில் விற்ற தேதியும் உரிமையாளர் மூடிய தேதியும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வார நாளில் ஒரே வீடு தொடர்ந்து பல வாரம் "இல்லை" என்று காட்டினால் அது நிரம்பி வழிகிறது என்பதைவிட மூடியிருக்கிறது என்று சந்தேகப்படுவதே பாதுகாப்பு.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க விமர்சனங்கள் உதவும். புக்கிங் டாட் காமிலும் ஏர்பிஎன்பியிலும் அந்தத் தளம் வழியாக அறை எடுத்தவர்தான் எழுத முடியும். ஏர்பிஎன்பியில் அறையைக் காலி செய்து 14 நாளுக்குள் எழுதியாக வேண்டும். ஆகவே விமர்சனம் வந்த மாதமும் தங்கிய மாதமும் பெரும்பாலும் ஒன்றே. பத்து வீடுகளுக்கும் மாதவாரியாக எத்தனை விமர்சனம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். ஊரின் சீசன் வளைவு தானாகத் தெரியும்: எந்த வீடு ஜூலை, ஆகஸ்டிலும் ஆள் பிடிக்கிறது, எது மே மாதத்தோடு அடங்கிவிடுகிறது என்பதும் தெரியும். தங்கியவர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதில் மட்டும் ஒருமித்த எண் இல்லை. ஏர்பிஎன்பி தரவுகளைத் தொகுக்கும் இன்சைட் ஏர்பிஎன்பி பாதிப் பேர் எழுதுவதாக வைத்துக் கணக்குப் போடுகிறது; அது வசதிக்காக வைத்த அனுமானம். எனவே வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் ஒப்பிட மட்டும் விமர்சன எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள். அதைப் பெருக்கி வருமானமாக்க முயலாதீர்கள். கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அங்கே நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் புகாரை மட்டும் படியுங்கள்.

புகார்களைப் படிப்பதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினாலும் வீணில்லை. கொடைக்கானல் வீடுகளுக்கு வரும் புகார்களில் திரும்பத் திரும்ப வருபவை: வெந்நீர் பாதியில் நின்றது, போர்வையில் ஈர வாடை, கடைசி அரைக் கிலோமீட்டர் கார் ஏறவில்லை, மேப் வேறு இடத்துக்குக் கூட்டிப்போனது, கேர்டேக்கர் போன் எடுக்கவில்லை, கேம்ப்ஃபயருக்குத் தனிக் காசு. இதில் எதையும் மாற்ற கோடி ரூபாய் தேவையில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் இங்கே துணி காயாது. கூடுதல் செட் படுக்கை விரிப்பும் ஒரு உலர்த்தும் ஏற்பாடும் வைத்திருக்கும் வீடு வாடையைப் பற்றிய புகாரிலிருந்து தப்பிக்கிறது. விமர்சனம் எழுதியவர் எந்த மொழிக்காரர் என்றும் பாருங்கள். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரலிலேயே விடுமுறை தொடங்கிவிடும், ஓணத்துக்கும் வருவார்கள். கர்நாடகத்தில் தசரா விடுமுறை நீளம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பழனி வந்து அப்படியே மேலே ஏறுவார்கள். உங்கள் பகுதிக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் எந்த வார நாளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்பது தெளிவாகும். 2018இல் குறிஞ்சி பூத்தபோதும், 2024இல் ஒரு மலையாளப் படத்தால் குணா குகைக்குக் கூட்டம் வந்தபோதும் விலைகள் எகிறின. அந்த மாதங்களின் எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். குறிஞ்சி அடுத்து பூப்பது 2030இல்தான்.

இணையத்தில் தெரியாதது நிறைய உண்டு. பஸ் ஸ்டாண்டிலும் ஏரிப் பக்கத்திலும் "ரூம் வேணுமா சார்" என்று கேட்கும் ஆட்கள் கையில் ஒரு பெரிய சந்தை இருக்கிறது. டாக்ஸி டிரைவர்கள் கையில் இன்னொன்று. அவர்கள் விற்கும் அறை எந்தத் தளத்திலும் பதிவாவதில்லை. ஒரு வார நாள் சாயங்காலம் சாதாரணமாகப் போய் நில்லுங்கள். முதலில் சொல்கிற விலை என்ன, நீங்கள் நடக்கத் தொடங்கியதும் சொல்கிற விலை என்ன என்று கேளுங்கள். அன்றைய சந்தையின் தரை விலை அதுதான். விடுதிகளுக்குச் சலவை எடுப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மாதம் விரிப்பு மூட்டை குறைகிறது என்று அவருக்குத் தெரியும்; ஹோட்டல் மேனேஜர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உரிமையாளர்களிடம் நேரடியாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. புதிதாக வருகிறவரை விரட்ட நினைப்பவர் "ஒண்ணுமே இல்லீங்க" என்பார். வீட்டை உங்களிடம் தள்ளிவிட நினைப்பவர் "வருஷம் பூரா ஃபுல்" என்பார்.

இன்னொரு கேள்வியை இந்த ஆராய்ச்சி தானே எழுப்பும்: அறை அறையாக விடுவதா, முழு வீடாக விடுவதா. வார இறுதியில் நண்பர் கூட்டமும் இரண்டு குடும்பம் சேர்ந்து வருபவர்களும் முழு வீட்டையே கேட்பார்கள், பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்றே விலை. வார நாளில் அப்படி ஆள் கிடைப்பது அரிது. வருபவர்கள் ஜோடிகள், சின்னக் குடும்பங்கள், லேப்டாப்போடு வந்து ஐந்து நாள் இருப்பவர்கள். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி விலைப் பட்டியல் எடுங்கள். வைஃபை ஒழுங்காக வரும் வீடுகள் வார நாளில் எவ்வளவு கூடுதலாகக் கேட்கின்றன என்று பார்ப்பது நல்லது. என் அனுபவத்தில் 820 அறை-இரவுகளை நிரப்ப எளிய வழி ஐந்து இரவு தங்கும் ஆட்கள்தான். இது என் கருத்து, இதற்கு ஆதாரமாக எண் எதுவும் காட்ட மாட்டேன்.

வரி, சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன்பு 12. செலவைக் கழிக்காத ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் தளம் வழியாக விற்கும் அறைக்குத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். போட்டியாளர் விலையை ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். மத்திய அரசின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் உரிமையாளர் தங்கியிருக்கும் வீட்டில் 6 அறை வரைக்குமானது. நீங்கள் மதுரையில் இருப்பதால் அதில் பொருந்துவது கடினம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரியது கட்டட அனுமதி. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து கொடைக்கானலில் விதிமீறிய பல விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள். உங்கள் வீடு குடியிருப்பு அனுமதியில் கட்டப்பட்டதா, வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற முடியுமா என்பது என் துறை இல்லை. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதத்தோடு போய்க் கேளுங்கள். அந்த 40,000இல் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அவர் முடியாது என்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை.

முடியும் என்றால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். கொடைக்கானலில் வீடுகளை வருஷ லீஸுக்கு எடுத்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டி, வருஷத்துக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். ஊரின் நல்ல மாதம், கெட்ட மாதம் எல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். கேர்டேக்கர் சம்பளம், கமிஷன், காலி இரவு எல்லாவற்றையும் கழித்துத் தன் லாபத்தையும் எடுத்து வைத்த பிறகுதான் ஓர் எண் சொல்வார்கள். நீங்கள் பேரம் பேசியதும் கொஞ்சம் ஏறும். நீங்கள் போட்டு வைத்த கணக்கில் வரும் மிச்சம் அந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் லீஸுக்கு விட்டுவிடுவது லாபம். நாலைந்து மடங்கு அதிகமாக இருந்தால் உங்கள் வார நாள் சதவீதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், அநேகமாகத் தவறு அங்கேதான் இருக்கும். ஒன்றரை, இரண்டு மடங்கு என்று வந்தால் நீங்களே நடத்திப் பார்க்கலாம். அப்போதும் நாலு அறையையும் ஒரேயடியாகத் திறக்காமல், ஜூலையில் இரண்டை மட்டும் ஒரே தளத்தில் போடுங்கள்.